வழி சொல்லாத புளிக்காரம்மா

எந்த ஊர் என்று கேட்டால் அவளுக்குப் பிடிக்காது. கேட்டவர் யாராக இருந்தாலும் முதலில் புளிக்கூடையைத் துணியால் மூடுவாள். பிறகு இடது கையை வீசி ஏதோ ஒரு திசையைக் காட்டி, "அந்தப் பக்கம்" என்பாள். போன வாரம் கிழக்கே வீசிய கை இந்த வாரம் வடக்கே போகும். மாரிகுப்பம் ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிற ஒருவர், பாவம், பொழுது போகாமல் கேட்டுவிட்டார்.

"இன்னாம்மா, போன சந்தையில அங்க காட்டுன, இன்னிக்கு இங்க காட்டுற?"

"ஊரு நடக்கும்" என்றாள். அவருக்குப் புளி கொடுக்காமலே அனுப்பிவிட்டாள்.

அவள் பேர் எங்கள் யாருக்கும் தெரியாது. புளி கொண்டுவந்ததால் புளிக்காரம்மா. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மாரிகுப்பத்தில், சுரங்க ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடு. என் வீட்டுக்காரர் தங்கச் சுரங்கத்தின் அடியில் பாறைக்குத் துளை போட்டு வெடி வைக்கிற கேங்குக்கு மேஸ்திரி. நான் ஷிப்ட் முடிந்து வருகிற ஒண்டிக்கட்டை ஆட்களுக்குச் சோறு பொங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஐம்பது பேருக்குக் குழம்பு கூட்டுகிறவளுக்குப் புளிக்காரி எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களிடம் முறைத்துக்கொண்டு நின்றவள் என்னிடம் மட்டும் கொஞ்சம் உட்கார்ந்து பேசினாள். என் வாய் பெரியது. அவளுடைய வாய் சின்னது. அதனாலேயே ஒத்துப்போனது என்று நினைக்கிறேன்.

நாற்பது வயது சொல்லலாம். ஒல்லியான உடம்பு, காலில் செருப்பு கிடையாது. இரண்டு பொதிமாடுகள் வைத்திருந்தாள். அவற்றின் முதுகில் புளி, தேன், சாமை, சீயக்காய், விளக்குமாற்றுப் புல் எல்லாம் வரும். திரும்பும்போது உப்பும் கருவாடும் போகும், எப்போதாவது ஒரு மண்வெட்டியோ அரிவாளோ போகும். வேறு எதையும் அவள் வாங்கி நான் பார்த்ததில்லை. வளையல்காரன் முன்னால் ஒரு நிமிஷம் நிற்பாள், பிறகு தலையை ஆட்டிவிட்டு உப்புக்காரனிடம் போய்விடுவாள்.

ஊருக்குக் கிளம்புகிற விதம்தான் வேடிக்கை. மாட்டுக் கழுத்து மணிகளில் வைக்கோலைத் திணிப்பாள். நேரே போகாமல் ஏரிக்கரைப் பக்கம் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதுபோல நிற்பாள். சந்தைக் கூட்டம் கலைந்து பாதையில் ஆள் நடமாட்டம் குறைந்த பிறகு சட்டென்று மறைந்துவிடுவாள். எந்தப் பக்கம் போனாள் என்று பந்தயம் கட்டுவதற்கே நாலு பேர் இருந்தார்கள். ஒருத்தரும் ஜெயித்ததில்லை.

ஆள் பிடிக்கிற மேஸ்திரி ஒருவர் ஒருநாள் அவளை விடாமல் துளைத்தார். மலையில் இருக்கிறவர்களுக்கெல்லாம் மைன்ஸில் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னார். அன்றைக்கு அவள் கையை வீசவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணில் குச்சியால் கோடு போட்டு, "இங்க ஒரு ஆலமரம் வரும், சோத்தாங்கைப் பக்கம் திரும்பணும், அப்பால ஒரு ஓடை" என்று பொறுமையாக வழி சொன்னாள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மூன்று நாள் கழித்து அந்த மனிதர் முகமெல்லாம் வீங்கித் திரும்பினார். அவள் சொன்ன வழி ஒரு தேனடைப் பாறையில் போய் முடிந்திருக்கிறது. அதற்குப் பிறகு அவர் என்னிடம் சாப்பிட வரும்போதெல்லாம் பக்கத்தில் இருக்கிறவர்கள், "கொழம்புல புளி போதுமா மேஸ்திரி?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்தவள்தான்.

சிரிப்பு நின்றது ஒரு மழை மத்தியானத்தில். மாடுகளை என் வீட்டுத் தாழ்வாரத்தில் கட்டிவிட்டு அவள் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தாள். "ஏன்க்கா இப்படிப் பண்ற? உன் ஊர யாரு தூக்கிக்கினு போயிடப் போறாங்க?" என்று கேட்டேன்.

"தூக்கிக்கினுதான் போவாங்க" என்றாள். "அந்தக் கடசி லைன்ல தட்டி வீட்டுல கீறாங்களே ஏழெட்டு குடும்பம், அவங்க எங்க பக்கத்து மலை. என் ஆத்தா பொறந்த ஊரு. அங்க வண்டி போறாப்பல வழி இருந்திச்சி. மொதல்ல புளி யாவாரி போனான். அப்பால வெறகு வண்டி போச்சி. மரம் போனதும் ஊத்து நின்னு போச்சி. ஊத்து போனதும் சாமை வெளையல. அப்பாலதான் ஆள் பிடிக்கிறவன் போனான். அப்ப அவனுக்கு வேலையே இல்ல, அவங்களே எறங்கி வந்துக்கினு இருந்தாங்க."

விறகு என்று அவள் சொன்னதை இந்தக் காலத்து ஆட்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். அப்போது மைன்ஸில் எல்லாமே நீராவிதான். ஆட்களை அடிக்குக் கொண்டுபோகிற கேஜ் ஏறி இறங்குவதற்கு, அடியில் ஊறுகிற தண்ணீரை இறைப்பதற்கு, கல்லை மாவாக இடிப்பதற்கு, எல்லாவற்றுக்கும் பாய்லர் எரிய வேண்டும். ரயிலில் கரி வந்தும் போதாமல் சுற்றியிருந்த காடுகளை வெட்டிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். விறகு வண்டிகள் வருஷத்துக்கு வருஷம் தூரமாகப் போய் வந்தன. இப்போது ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெரு இருக்கிற இடத்தில் அன்றைக்கு நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரை கற்றாழையும் கல்லும்தான்.

"அங்க ஒண்ணும் சொர்க்கம் இல்லம்மே" என்றும் சொன்னாள். "எனக்கே மூணு புள்ள பொறந்து ரெண்டு செத்துப் போச்சி. ஆடி மாசத்துல கெழங்கு தோண்டித்தான் துன்னணும். ஆனா தண்ணி கீது. உப்பும் இரும்பும் தவுத்து கீழ எங்களுக்கு ஒண்ணும் வேணாம்."

ஆக, எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று யாரிடமும் நான் சொல்லிக்கொள்ள முடியாது.

ரயில் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ஒரு சந்தை நாளில் இன்ஜின் ஊதிய சத்தத்தில் மாடு ஒன்று மிரண்டு அவளை இழுத்துக்கொண்டு ஓடி, கல் ஏற்றி வந்த வண்டியின் மேல் மோதிவிட்டது. வண்டிச் சக்கரம் அவள் கால்மேல் ஏறியது. ஆஸ்பத்திரியில் பட்டை வைத்துக் கட்டி, இரண்டு மாதம் அசையக்கூடாது என்றார்கள். என் வீட்டுக்குத் தூக்கி வந்தோம்.

மூன்றாம் நாள் உப்பு மூட்டையை மாடுகளின் மேல் ஏற்றச் சொன்னாள். "நீ எப்படிப் போவ?" என்றேன். மாடுகளைப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி, கொம்பைப் பிடித்துக் காதில் ஏதோ சொல்லி, முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். அவை பாட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டன. எட்டாம் நாள் காலை கதவைத் திறந்தால் வாசலில் இரண்டும் புளியோடு நிற்கின்றன. லைன் முழுக்க வந்து வேடிக்கை பார்த்தது. அவள் படுத்தபடியே, "மாட்டுக்கு வாய் இல்ல, அதான் நல்லது" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

இப்படியே மாடுகள் போவதும் வருவதுமாகக் கார்த்திகை ஆயிற்று. கால் கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. இனிமேல் மலை ஏறுகிற கால் இல்லை என்று கட்டுப் போட்டவரே சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. ஒருநாள் துருவித் துருவிக் கேட்டபோது சொன்னாள்: மிச்சமிருக்கிற ஒரே மகளுக்குத் தை மாதம் பேறுகாலம். ஊரில் பேறு பார்க்கிறவளே இவள்தான். வேறு கை கிடையாது.

மாட்டின் மேல் உட்காரவைத்துக் கட்டிப் பார்த்தோம். பத்தடி போவதற்குள் வலியில் மயங்கிச் சாய்ந்துவிட்டாள். "வண்டி வச்சி கொண்டுபோயி உடறோம்க்கா" என்றேன்.

"வேணாம்."

"உன் மவளுக்கு ஒண்ணு ஆச்சின்னா?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்படியே, "வண்டி போற வழியில எல்லாமும் வரும்" என்றாள்.

அவள் பிடிவாதம் எனக்குக் கோபத்தைத் தந்தது. பெற்ற மகளைவிடப் பெரிதா மரமும் மட்டையும் என்று நினைத்தேன். நானே ஒரு பிள்ளையைப் பிரசவத்தில் பறிகொடுத்தவள், எனக்கு அப்படித்தான் நினைக்க வரும். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முனுசாமியிடம் சொன்னார். முனுசாமி என் கையால் சாப்பிடுகிற விறகு வண்டிக்காரர், நல்ல மனிதர். வழியைப் பற்றி மூச்சு விடமாட்டேன் என்று மாரியம்மன்மேல் சத்தியம் செய்தார். அடுத்த தடவை மாடுகள் உப்போடு கிளம்பியபோது இரண்டு பேரும் பின்னாலேயே போனார்கள். அவள் வாயைத் திறக்காமலே அவள் வழி எங்களுக்குத் தெரிந்துபோயிற்று.

தூரம் ஒன்றும் அதிகமில்லை. மாட்டுநடையில் ஒரு பகல். எங்கள் லைனிலிருந்து தினமும் பார்க்கிற மலைதான். இந்தப் பக்கமெல்லாம் மொட்டைப் பாறை. அந்தப் பக்கமும் அப்படித்தான் இருக்கும் என்று விறகுக்காரர்கள் உட்பட எல்லோரும் நினைத்திருந்தோம். அடிவாரம் வரை ஆடு மேய்க்கிறவர்கள் போகிற தடம் உண்டு. அதற்குமேல் இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒரு சந்து. பொதியைக் கொஞ்சம் சாய்த்துக் கட்டினால் ஒரு மாடு நுழையலாம், வண்டி நுழையாது.

"அவ்ளோதானா? ஒரு பாறைதானே" என்றார் என் வீட்டுக்காரர். பாறை உடைக்கிறவர் வேறென்ன சொல்வார்.

கிறிஸ்துமஸுக்கு மைன்ஸில் லீவு விட்டார்கள். நாங்கள் வேதக்காரர்கள். அந்த வருஷம் பூசை முடிந்த கையோடு அவரும் கேங்கில் நாலு பேரும் சம்மட்டி, துளைக்கம்பி, வெடிமருந்து எல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருத்தர் கம்பியைப் பிடிக்க, மற்றவர் அடிக்க, பாறையில் வரிசையாகத் துளை போட்டு மருந்து கெட்டித்து வெடித்தார்கள். பாறை பிளந்து விழுந்ததும் கைதட்டினார்களாம். ஏழைக்கு உதவி செய்து பண்டிகை கொண்டாடினோம் என்று அவர் வந்து சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைக்கு நான் சமைத்த பிரியாணியைப்போல ஒன்றை அதற்குப் பிறகு சமைத்ததில்லை.

மறுநாள் காலை அவளை வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்தோம். கொஞ்ச தூரம் வரை தன்னை இன்னொரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஆடு மேய்க்கிற தடத்தில் வண்டி திரும்பியதும் எழுந்து உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான், "மவளப் பாக்க வேணாமா?" என்று கேட்டேன்.

சந்துக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னாள். இறக்கிவிட்டோம். உடைந்த பாறையைக் கையால் தடவினாள். மழையும் வெயிலும் பட்டுக் கறுத்துக் கிடந்த மலையில் உடைத்த இடம் மட்டும் புத்தம்புதுசாக இருந்தது.

"வெள்ளையாக் கீதே" என்றாள்.

"ஆமாம்மா, நல்ல கல்லு. ஒரே வெடியில போச்சி" என்றார் என் வீட்டுக்காரர். அவள் மெச்சுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

பாறைக்கு அந்தப் பக்கம் போனதும் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டேன். அவ்வளவு மரத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பதினொரு வீடுகள். நடுவில் ஊற்று, அதைச் சுற்றிச் சாமைக் காடு. எங்களுக்குத் தேன் கொடுத்தார்கள், வாசலில் பாய் விரித்தார்கள். அவள் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து தாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். முனுசாமி மட்டும் மரங்களை அண்ணாந்து பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். தொழில் தெரிந்தவர், அவருக்கு அப்போதே பயம் வந்திருக்க வேண்டும்.

தையில் குழந்தை பிறந்தது. கால் முன்னே வந்த குழந்தையாம். அவள் போயிருக்காவிட்டால் இரண்டு உயிரும் போயிருக்கும். இதை நான் பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொன்னால் பாதி ஆறும், மீதி ஆறாது.

மாசியில் ஒருநாள் முனுசாமி சாப்பிட வந்தவர் இலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "நான் வாயத் தொறக்கலக்கா. ஆத்தா மேல சத்தியமா தொறக்கல" என்றார். விறகு காண்டிராக்டர் காலை வெயிலில் மைன்ஸ் விறகு யார்டில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தாராம். எதிர்மலையில் வெள்ளையாக ஏதோ மின்னியதாம். "அது இன்னாடா அது, நேத்து வரைக்கும் இல்லியே" என்று ஆள் அனுப்பியிருக்கிறார். அவ்வளவுதான். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. நாங்கள் உடைத்த பாறையே மைன்ஸ் முழுவதற்கும் தெரியும்படி மலையில் நின்று காட்டிக்கொடுத்தது.

எந்தத் தாலுகா கச்சேரியில் என்ன காகிதம் வாங்கினாரோ, பங்குனியில் வண்டிகள் போக ஆரம்பித்தன. முனுசாமி விறகு வண்டியை விட்டுவிட்டுக் கல் ஏற்றப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் ஒருநாள் ஷிப்டிலிருந்து வந்து தலையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பூமிக்குள்ளயே ஒடைச்சி பழக்கம் ஆயிப்போச்சி. உள்ள எத்தினி ஒடைச்சாலும் எவன் கண்ணுக்கும் தெரியாது. வெளிய ஒடைச்சா தெரியும்னு எனக்குத் தோணவே இல்லயே."

எனக்கும் தோன்றவில்லை. தோன்றியது அவளுக்கு மட்டும்தான். அதை அந்த இடத்திலேயே சொல்லவும் செய்தாள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்குமேல் அவள் சந்தைக்கு வரவில்லை. மாடுகளும் வரவில்லை. இரண்டாம் கோடையில் ஒரு மத்தியானம், காலை இழுத்து இழுத்து நடந்து என் வாசலில் வந்து நின்றாள். பின்னால் மகள், மகள் இடுப்பில் குழந்தை. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் காலில் விழுந்துவிடலாம் என்றும் நினைத்தேன்.

"தட்டி வீடு எங்கம்மே குடுக்குறாங்க?" என்று கேட்டாள்.

நான் கையை நீட்டி வழி காட்டினேன். நேராகப் போய், பாய்லர் தாண்டி, இடது பக்கம். கூடவே போயிருக்கலாம். போகவில்லை.

மூங்கில் தட்டியை மண்ணில் நட்டு மேலே தகரம் போட்டால் அதுதான் தட்டி வீடு. பதினொரு குடும்பமும் அங்கே வந்து சேர்ந்தது. ஆண்கள் சுரங்கத்தில் இறங்கினார்கள். பெண்கள் மேலே, ஏறி வந்த கல்லில் தங்கக் கல்லைப் பொறுக்கினார்கள். அவளும் உட்கார்ந்தபடியே கல் பொறுக்கினாள். வழியில் பார்த்தால், "சாப்ட்டியா?" என்று கேட்பாள். என் வீட்டுக்காரரைப் பார்த்தாலும் கேட்பாள். அவர் அந்தக் கேள்விக்குப் பயந்து சுற்றுவழியில் வீட்டுக்கு வருவார்.

அடுத்த வருஷமே காவேரியிலிருந்து கம்பி வழியாகக் கரண்ட் வந்தது. பெரிய பெரிய கம்பங்களைப் பார்க்க ஜனங்கள் கூடினார்கள். அதன் பிறகு ஒவ்வொரு பாய்லராக அணைத்துக்கொண்டே வந்தார்கள். கேஜுக்கும் விறகு வேண்டாம், கல் இடிக்கவும் விறகு வேண்டாம். யார்டில் ஆள் உயரத்துக்கு அடுக்கிய கட்டைகள் எரியாமலே கிடந்து கறையான் ஏற ஆரம்பித்தன. கடைசியில் லைன்காரர்கள் அடுப்புக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பெண்கள் கயிறும் கூடையுமாக ஓடினார்கள். நானும் போனேன், ஐம்பது பேருக்குப் பொங்குகிறவள் போகாமல் இருக்க முடியுமா. போனவளால் கட்டையைத் தொட முடியவில்லை. அடுக்கின் ஓரத்தில் கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு மூன்று வருஷம். அந்தப் பாறை இன்னும் இரண்டு மூன்று வருஷம் அப்படியே நின்றிருந்தால் ஒரு மரத்துக்கும் யாரும் போயிருக்கமாட்டார்கள். என்னால் வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

அவள் அங்கே இருந்தாள். தன் பாட்டுக்குக் கட்டைகளை இழுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். என் கயிற்றைக் கையிலிருந்து வாங்கி, எனக்கும் ஒரு கட்டுக் கட்டினாள்.

"அக்கா, எனக்கு வேணாங்க்கா" என்றேன்.

"இன்னாத்துக்கு வேணாம்? நீ எடுக்கலன்னா கறையான் துன்னும்." கட்டைத் தூக்கி என் தலையில் வைத்தாள். "எடுத்துக்கினு போம்மே. எங்க ஊரு மரம். புகையாது."

பத்து நாள் அதைத் தொடவில்லை. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. இருந்த சுள்ளியெல்லாம் நனைந்துபோயிற்று, ஷிப்ட் முடிந்து ஆட்கள் பசியோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்தக் கட்டைகளை எடுத்து அடுப்பில் வைத்தேன். சொன்னமாதிரியே நின்று எரிந்தது. கொஞ்சம்கூடப் புகையில்லை. சோறு கேட்டு உள்ளே வந்த என் வீட்டுக்காரர் என் கண்ணைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். புகை என்று சொல்ல முடியவில்லை.